ஒய் கொஞ்சம் நீளம்

மூன்றாவது கருவும் தங்காமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அதுவரை ஊசி, மாத்திரை, ஸ்கேன், படுக்கை ஓய்வு எல்லாம் அவளுக்கு மட்டும்தான். கூடப் போய் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, கூப்பிட்டால் எழுந்து போவது ஒன்றுதான் அவனுக்கு வேலை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நட்டநடுவில் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். கதவு சரியாக மூடியிருக்காது, ரிலே தீய்ந்திருக்கும், பிரேக் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் எலி வயரைக் கடித்திருக்கும். காரணமே இல்லாமல் நின்ற லிஃப்ட்டை அவன் தன் சர்வீஸில் பார்த்தது கிடையாது. அதனால் போன ஆஸ்பத்திரியிலெல்லாம் அவன் கேட்டது ஒரே கேள்விதான். "எதனால டாக்டர்?"

அவன் அம்மாவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "மண்ணு சரியில்லைன்னா விதை என்னடா பண்ணும்?" என்று முதல் தடவையே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அடுத்த இரண்டு தடவையும் அப்பீலுக்கு இடமில்லாமல் போயிற்று. அம்மா இருப்பது மூத்த மகன் வீட்டில். போனில் பேசினாலும் நேரில் வந்தாலும் மருமகளைப் பார்த்து நேராக எதுவும் சொல்ல மாட்டாள். சுவருக்குச் சொல்லுவாள், ஜன்னலுக்குச் சொல்லுவாள், பக்கத்து வீட்டுக்காரிக்குக் குழந்தை பிறந்த செய்தியை இரண்டு தடவை சொல்லுவாள். மருமகள் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். வாயைத் திறக்காமல் கையிலிருப்பதைத் துடைத்துக்கொண்டே இருப்பது அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

ரிசல்ட் சொல்ல அழைத்த அறை சின்னது. மேஜை, கம்ப்யூட்டர், மூன்று நாற்காலி. நான்காவது ஆள் வந்தால் ஒருவர் எழுந்துதான் கதவைத் திறக்க வேண்டும். குரோமோசோம் டாக்டரம்மா அவன் வயதுக்காரிதான். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

குட்டிக் குட்டிப் புழுக்களை ஜோடி ஜோடியாக வரிசையில் நிறுத்தி வைத்த மாதிரி ஒரு படம்.

"இது உங்க மனைவியோடது. எல்லாம் சரியா இருக்கு. ஒரு குறையும் கிடையாது."

அவன் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் யாரும் அவளைப் பற்றி அப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

"இது உங்களோடது. உங்களுக்கும் எண்ணிக்கை சரிதான். ஆனா..."

அந்த 'ஆனா'விலேயே அவன் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்துவிட்டான்.

"ஒய் கொஞ்சம் நீளம்."

டாக்டரம்மா பேனா முனையால் கடைசி வரிசையைத் தொட்டுக் காட்டினாள். ஆண்களுக்கு மட்டும் இருக்கும் குரோமோசோம் அது, அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவது. அதன் வால் பக்கம் அவனுக்கு நீண்டிருந்தது.

"இந்த வால் பகுதி ஆளுக்கு ஆள் மாறும்ங்க. அங்க வேலை செய்யற ஜீன்னு பெரிசா எதுவும் இல்லை. பெரும்பாலும் இதனால ஒரு கெடுதலும் கிடையாது. ஆனா கண்ணுல பட்டதை ரிப்போர்ட்ல எழுதித்தானே ஆகணும்?"

"கெடுதல் இல்லைன்னா ஏன் எழுதணும்?"

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினாள். மறைக்கத் தெரியாத முகம் அவளுக்கு. "நீளமான ஒய் இருக்கிறவங்க வீட்டுல கரு கலையறது அதிகம்னு பழைய ஆராய்ச்சிக்காரங்க சிலபேர் எழுதியிருக்காங்க. பின்னாடி வந்தவங்க, அப்படியெல்லாம் இல்லைன்னும் எழுதியிருக்காங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு சொல்றேன்."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொழில்காரன் கேட்கிற மாதிரியே கேட்டான். "நீளம்னா எதைவிட நீளம்? அளவுகோல் எது?"

"உங்க பதினெட்டாம் நம்பர் குரோமோசோம் பக்கத்துல வச்சுப் பார்ப்போம். அதைவிடப் பெரிசா இருந்தா, நீளம்னு எழுதுவோம்."

"அந்தக் கணக்கை யாரை வச்சுப் போட்டாங்க?"

"எங்கேயோ தூரத்துல இருக்கிறவங்களை வச்சு, எப்பவோ போட்டது. ஒவ்வொரு ஜனத்துக்கும் இது மாறும். சில இடத்துல எல்லாருக்குமே நீளம், சில இடத்துல குட்டை. நீங்க அக்கரைக்காரங்கதானே? உங்க ஜனத்துல யாரும் அளந்து பார்த்ததா எனக்குத் தெரியலை."

ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் பிழைக்க வந்தவர்களுக்கு நகரத்தில் அக்கரைக்காரர்கள் என்று பெயர். பெண் எடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் தங்களுக்குள்தான். ரேஷன் கார்டிலிருந்து முடிவெட்டும் கடைவரை அந்தப் பெயரோடுதான் அவன் வளர்ந்தான். அது ரத்தத்துக்குள்ளும் இருக்குமென்று யாரும் சொன்னதில்லை.

டாக்டரம்மா 'பெரும்பாலும்' என்று சொன்னது அவன் காதில் விழவேயில்லை. திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, 'நீளம், நீளம்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் தோள்கள் இறங்கியிருந்தன, சுமையை இறக்கி வைத்தவளுடையவை போல. அதை அவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்ததும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வீட்டுப் படியேறும்போதுதான் கேட்டாள். "உங்க அம்மாகிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்லணும்."

"கட்டாயமா?"

"இத்தனை வருஷமா நீ பேச்சு வாங்கினதுக்கு நான் சொல்லித்தான் ஆகணும்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சொன்னான். அண்ணன் பஸ் டெப்போவில் டயர் பிரிவு. வரிசையாக நாலு பெண் பிள்ளைகள். அண்ணன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், நீளமா இருக்கிறதைக் குறைன்னு சொன்ன முதல் டாக்டர் இவங்கதான்டா!" அண்ணி அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியதும் அடங்கினான்.

அம்மா சிரிக்கவில்லை. "ரத்தத்தை மாத்தி வச்சிருப்பாங்க. வேற யாரோடதோ இது," என்றாள்.

"மாத்தலைம்மா. ரெண்டு தடவை பார்த்துட்டாங்க."

"உங்க அப்பாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. உன் அண்ணனுக்கு நாலு. எங்க வம்சத்துல குறையா?"

"எனக்குத்தான்மா குறை."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். ஆனால் அவர்கள் கிளம்பும்போது மருமகளைத் தனியாகக் கூப்பிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பைப் பார்த்துக்கோம்மா," என்றாள். அந்த 'அம்மா' கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. அன்றிலிருந்து போன் வந்தால் அம்மா மருமகளிடம்தான் முதலில் பேசினாள். சாப்பிட்டாயா, கடையில் ரொம்ப நேரம் நிற்காதே, கால் வலித்தால் வெந்நீர் ஊற்றிக்கொள் என்றாள். ஒரு கத்தரிப்பூ நிறப் போர்வையைக்கூட ஆள் மூலம் கொடுத்தனுப்பினாள். மருமகள் அதை மடித்து அலமாரியில் வைத்தாள். போர்த்திக்கொள்ளவும் மனம் வரவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

மெக்கானிக்கோ கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டான். குறட்டை என்று சாக்கு. அவளோடு சேர்ந்து டீ குடிப்பதை நிறுத்தினான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், தட்டைப் பார்த்தபடியே, "நீ வேணும்னா வேற கல்யாணம் பண்ணிக்கோ. நான் தடுக்க மாட்டேன்," என்றான்.

அவள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"எனக்குக் குறைன்னு எல்லாரும் சொன்னப்போ நீங்க வேற கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?"

"இல்லை."

"உங்கம்மா சொல்லாமலா இருந்தாங்க?"

அம்மா சொன்னது அவளுக்குத் தெரியாது என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"அப்ப பேசாம சாப்பிடுங்க," என்றாள். பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை.

வேலையிலும் அவனுக்குப் புத்தி நிலைகொள்ளவில்லை. ஒரு துணிக்கடையில் லிஃப்ட்டின் தலைமேல் நின்று கம்பிக்கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே ஒருவன் பொத்தானை அழுத்த, லிஃப்ட் விருட்டென்று கிளம்பிவிட்டது. ஏறும்முன், வெளிப் பொத்தான்கள் வேலை செய்யாதபடி இன்ஸ்பெக்ஷன் சுவிட்சைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவன் திருப்பவில்லை. கையை நீட்டி அவசர சுவிட்சை அடித்ததில், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இருட்டுக் குழிக்குள் குந்தி உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். இதற்காவது காரணம் தெரிந்தது. சுவிட்ச் போடவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மறுபடியும் அந்தச் சின்ன அறைக்குப் போனான்.

"எனக்கு நிச்சயமா ஒரு பதில் வேணும் டாக்டர். ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி."

"உங்க ஒருத்தரோடதை வச்சு என்னால சொல்ல முடியாது. உங்க ஆளுங்க நிறையப் பேரோடதைப் பார்த்தா சொல்லலாம். பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கிற ஆம்பளைங்களுக்கும் இதே நீளம் இருந்தா, இதுல தப்பில்லைன்னு தைரியமா எழுதுவேன். எனக்கும் ரொம்ப நாளா இதைச் செஞ்சு பார்க்கணும்னு ஆசை. ஆஸ்பத்திரி அனுமதி எல்லாம் நான் வாங்கிடுவேன். ஆனா ரத்தம் கொடுங்கன்னா யார் வர்றாங்க?"

"நான் கூட்டிட்டு வரேன்," என்றான் அவன். எப்படி என்று அவனுக்கே தெரியவில்லை.

ஊரான் வீட்டு வாசலில் போய் நின்று, 'உங்க ரத்தம் கொஞ்சம் வேணும்' என்று கேட்பது லேசான காரியமா? கேட்டால் ஏனென்று சொல்ல வேண்டும். ஏனென்று சொன்னால் தன் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். முடிவெட்டும் கடையில் சொன்னான், அக்கரைக்காரர் சங்கத்தில் சொன்னான், அடுக்குமாடி வாட்ச்மேனிடம் சொன்னான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் முகம் சிவந்து காது சுட்டது. சிலர் அவன் தோளைத் தட்டினார்கள். சிலர், "எனக்கு ஊசின்னாலே மயக்கம் வந்துடும் தம்பி," என்று நழுவினார்கள். முடிவெட்டுகிறவர் மட்டும் கத்தரியை நிறுத்தாமலே, "எனக்கு அஞ்சு பிள்ளைங்க. நீளமோ குட்டையோ, இனிமே தெரிஞ்சு என்ன ஆகப் போவுது? வரேன்யா," என்றார்.

வராதவர்களில் முதல் ஆள் சொந்த அண்ணன்.

"எனக்கு வேண்டாம்டா."

"நீ என் கூடப் பிறந்தவன். நீதான் முக்கியம்னு டாக்டர் சொல்றாங்க."

"எனக்கும் ஏதாவது இருக்குன்னு எழுதிட்டா? நாளைக்கு நாலு பொண்ணுங்களைக் கட்டிக்கொடுக்கணும். வம்சத்துல கோளாறுன்னு ஊர் பேசும். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பினா நீயா வந்து அடைப்பே?"

"ஒய் பொண்ணுங்களுக்கு வராது அண்ணே."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மெக்கானிக் எழுந்து வந்துவிட்டான். வாசல்வரை வந்த அண்ணி, "கவலைப்படாதீங்க தம்பி," என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்து ஹாலில் கேரம் போர்டுகளை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு ரத்தம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸ் பச்சை மூடி போட்ட சின்னக் குழாய்களை அடுக்கி வைத்திருந்தாள். முடிவெட்டுகிறவர் முதல் ஆளாக உட்கார்ந்து, ஊசி ஏறியதும் எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தினார். ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பில் வாசலில் நின்று தயங்கிக்கொண்டிருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். வாட்ச்மேன் வந்தார். பெரியப்பா மகன் தன் இரண்டு பையன்களோடு வந்தான். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவரும் வந்தார். "எனக்குப் பிள்ளை இல்லாததுக்கு ஒய் காரணம் இல்லை, பொண்ணு கிடைக்காததுதான் காரணம்னு எழுதிக்கோம்மா," என்று நர்ஸிடம் சொன்னார்.

கடைசியில், மூட்டை கட்டப்போகும் நேரத்தில், அண்ணன் வந்தான். பின்னாலேயே அண்ணி. அவள் அவன் சட்டை முனையைப் பிடிக்காத குறைதான். அண்ணன் தம்பியைப் பார்க்கவேயில்லை. கையை நீட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர செய்ய ஒன்றும் இல்லை. ரத்தத்திலிருக்கும் செல்களை வளர்க்க வேண்டும், பிரியும் நேரத்தில் நிறுத்த வேண்டும், கண்ணாடித் தகட்டில் சொட்டுச் சொட்டாக விட்டுச் சாயம் ஏற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் ஒருவர் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து அளக்க வேண்டும். மெக்கானிக் மாதத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். "ஆகலைங்க," என்றது மறுமுனை. வீட்டில் அவனும் அவளும் வாடகை, தண்ணீர், பஸ் என்று மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள்.

கூப்பிட்டபோது அவன் மட்டும்தான் போனான். கண்ணாடிக் கடையில் அவளுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை.

டாக்டரம்மாவின் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. வந்தவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது, சொல்லவில்லை. ஆனால் சங்கதியைச் சொன்னாள். ரத்தம் கொடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒய் நீளம்தான். அவனைவிட நீளமானவர்களும் இருந்தார்கள். வீடு நிறையப் பிள்ளை பெற்றவர்களும் அவர்களில் உண்டு.

"உங்க ஜனத்துக்கு இதுதான் சாதாரண அளவு. வேற யாரோ சட்டையைப் போட்டுப் பார்த்துட்டு உங்க கை நீளம்னு சொல்லியிருக்கோம். ரிப்போர்ட்டை மாத்தி எழுதறேன். இனிமே அக்கரைக்காரங்க யார் வந்தாலும் இப்படி எழுத மாட்டோம். அதுக்கு நீங்கதான் காரணம்."

அவள் எழுந்து நின்று கை குலுக்கினாள். அவன் கையைக் கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"அப்ப, எங்களுக்கு எதனால டாக்டர்?"

அவள் மெல்ல உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"தெரியலைங்க. இப்படி வர்றவங்கள்ல பாதிப் பேருக்குக் காரணம் கிடைக்கறதே இல்லை. அதுலயும் நிறையப் பேருக்கு அப்புறம் நல்லபடியா குழந்தை பிறக்குது. உங்களுக்கும் பிறக்கலாம்."

"பிறக்காமலும் போகலாம்."

"போகலாம்."

நடந்தே வீட்டுக்கு வந்தான். நியாயமாகப் பார்த்தால் அவனுக்குக் கால் தரையில் பாவியிருக்கக் கூடாது. ஆனால் நெஞ்சில் ஏதோ காலியாகிவிட்டது. இத்தனை மாதமாகக் குறை தன்னுடையது என்று தூக்கிக்கொண்டு திரிந்தான். பாரம்தான், ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு பிடி இருந்தது. அவள் அழுதால், என்னால்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

கதவைத் திறக்கும்போதே உள்ளே போன் மணி. அவள் அவனுக்கு முன்பே வந்திருந்தாள். போனை எடுத்து அவனிடம் நீட்டினாள். அம்மா.

அண்ணனுக்குக் காலையிலேயே ரிசல்ட் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் ஜனத்துக்கே இந்த நீளம்தான் சாதாரணம் என்று. அவன் தெருமுழுக்கச் சொல்லிவிட்டு அம்மாவிடமும் சொல்லிவிட்டான்.

"பார்த்தியாடா? நான் அப்பவே சொன்னேனா இல்லையா? எங்க வம்சத்துல குறையே கிடையாது!" அம்மாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "என் பிள்ளைமேல அபாண்டமா ஒரு பழியைப் போட்டாங்களே! உனக்கு இல்லைன்னு ஆயிடுச்சு. அப்புறம் யாருக்குன்னு தனியா வேற சொல்லணுமா?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அசையவில்லை. தோள்கள் மட்டும் பழையபடி மேலே ஏறிக்கொண்டன. இதைத் தடுக்க வேண்டுமென்றுதான் பழியைத் தானே வைத்துக்கொள்ள அவன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தான். அதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"அவளுக்கும் ஒண்ணுமில்லைம்மா. முதல் ரிப்போர்ட்லயே சொல்லிட்டாங்க."

"அவளுக்கும் இல்லை, உனக்கும் இல்லைன்னா, மூணு எங்கடா போச்சு?"

மனைவி வந்து அவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, நான்தான். யாருக்கும் ஒண்ணுமில்லை அத்தை. டாக்டருக்கும் தெரியலை. தங்கலை, அவ்வளவுதான்."

அம்மாவின் குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"அப்படின்னா நான் யாரைத்தான்டி குறை சொல்றது?"

"தெரியலை அத்தை."

அம்மா அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாத, மூச்சு மட்டும் வாங்குகிற அழுகை. அப்பா செத்தபோதுகூட அவன் அதைக் கேட்டதில்லை. போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தான். வைக்கவில்லை. மருமகளும் வைக்கவில்லை. அவள் மெதுவாகச் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"மூணுக்கும் நான் பேரு யோசிச்சு வச்சிருந்தேன்டி," என்றாள் அம்மா.

அவன் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டதில் அதன்பிறகு அம்மாவின் குரல் அவனுக்குக் கேட்கவில்லை.

"என்ன பேரு அத்தை?" என்று அவள் கேட்டது மட்டும் கேட்டது.

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றிருந்தான். அவள் ஒரு தடவை தலையசைத்தாள். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு தடவை. மூன்றாவது பெயர் மட்டும் இன்னும் வரவில்லை போலிருந்தது. அவள் காத்திருந்தாள்.

"சொல்லுங்க அத்தை," என்றாள்.